ஆகஸ்ட் முதல் தேதித் தலைக்கணக்கு

குற்றாலத்தில் சாரல் கட்டும் நேரமும் பள்ளிக்கூடம் திறக்கும் நேரமும் ஒன்றுதான். ஐந்தருவிக்குக் கார்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருக்கும்போது, கீழே தென்காசி, மேலகரம், இலஞ்சித் தெருக்களில் வேறொரு கூட்டம் வீடு வீடாக ஏறி இறங்கும். கையில் துண்டறிக்கை, தோளில் பை, மடித்த குடை. எல்லாரும் டீச்சர்கள். அவர்கள் செய்யும் வேலைக்கு ஊரில் ‘பிள்ளை பிடிக்கிறது’ என்று பெயர். ஆகஸ்ட் முதல் தேதி நிலவரப்படி பள்ளியில் எத்தனை பிள்ளைகள் என்று பார்த்துத்தான் எத்தனை ஆசிரியர் பணியிடம் என்று அரசு நிர்ணயிக்கிறது. தலை குறைந்தால் ஒருவர் ‘சர்ப்ளஸ்’ ஆவார். அரசுப் பள்ளியில் சர்ப்ளஸ் ஆனவருக்கு இன்னொரு ஊருக்கு மாறுதல் கிடைக்கும். ஒரே ஒரு பள்ளியை மட்டும் நடத்தும் தனியார் நிர்வாகத்தில் சர்ப்ளஸ் ஆனவருக்கு நிம்மதியான தூக்கம் இல்லை.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் என்னிடம் சொன்னார்: “எங்க காலத்துல இன்ஸ்பெக்டர் வந்தா பிள்ளைகள எழுப்பி வாய்ப்பாடு கேப்பாரு அண்ணாச்சி. இப்ப தலைய எண்ணிட்டுப் போயிருதாங்க.” பழைய காலத்தைப் புகழும் பேச்சு என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் அரசுப் பணத்தில் நடக்கும் தனியார் பள்ளியிடம் அரசு எதைக் கேட்க வேண்டும் என்ற பெரிய கேள்வி இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

தமிழ்நாட்டில் முப்பத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்குப் பக்கத்தில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு உதவி பெறும் பள்ளிகள் இருக்கின்றன. பேச்சில் ‘எய்டட்’. கட்டடமும் நிலமும் நிர்வாகத்துடையவை. ஆசிரியர் சம்பளம் கருவூலத்திலிருந்து வருகிறது. பாடநூல், சீருடை, சத்துணவு எல்லாம் அரசுடையவை. ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பவர் தாளாளர். அந்த நியமனத்துக்கு ஒப்புதல் தருவது கல்வி அலுவலகம். அமெரிக்காவில் முப்பது ஆண்டுக்கும் மேலாகச் சண்டை மூட்டிவரும், அரசுப் பணத்தில் ஒப்பந்தப்படி நடக்கும் ‘சார்ட்டர்’ பள்ளிக்கு நம்மிடம் உள்ள நெருங்கிய உறவு இதுதான். அவர்கள் 1991இல் மின்னசோட்டா மாநிலத்தில் சட்டம் போட்டுத் தொடங்கினார்கள். நமக்கு இது 1854இலேயே வந்துவிட்டது.

அந்த ஆண்டில் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கைதான் மானிய முறைக்கு வேர். நல்ல உலகியல் கல்வி தர வேண்டும். உள்ளூரில் பொறுப்பான நிர்வாகம் இருக்க வேண்டும். ஆய்வுக்கு உடன்பட வேண்டும். பிள்ளைகளிடம் சிறு கட்டணமாவது வாங்க வேண்டும். இத்தனைக்கும் சம்மதித்தால், பள்ளி நடத்துபவரின் மதத்தை அரசு கேட்காது. திருநெல்வேலிச் சீமை இதற்குத் தயாராகவே இருந்தது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் காலத்திலிருந்தே ஊருக்கு ஊர் மிஷன் பள்ளிகள் முளைத்திருந்தன. சுரண்டை, நல்லூர் வட்டாரங்கள் அந்த வரலாற்றில் முக்கியமானவை. பிறகு ரோமன் கத்தோலிக்கர்கள், மகமை பிரித்துப் பள்ளி கட்டிய நாடார் உறவின்முறைகள், முஸ்லிம் ஜமாத்துகள், கோயில்கள், சொந்த ஊருக்குத் திரும்பிப் பார்த்த தொழிலதிபர்கள் என்று வரிசை நீண்டது. ஆழ்வார்குறிச்சியின் பரமகல்யாணி நிறுவனங்கள், அவ்வூரில் பிறந்து சிம்சன் நிறுவனத்தை வளர்த்த அனந்தராமகிருஷ்ணன் குடும்பத்தின் பெயரோடு சேர்ந்தவை. குற்றாலத்தில் 1964இல் தொடங்கிய பராசக்தி மகளிர் கல்லூரி குற்றாலநாதர் தேவஸ்தானத்துடையது. அதுவும் அரசு உதவி பெறுவதுதான். அங்கே படித்து வெளியே வந்த பெண்கள்தான் சுற்றுவட்டாரத்துப் பள்ளிகளில் டீச்சர்கள். அரசு மட்டும் பள்ளி கட்டியிருந்தால் இந்த மாவட்டம் எழுத்தறிவில் எங்கே நின்றிருக்கும் என்று யோசித்துப் பார்த்தால், உதவி பெறும் பள்ளிகளைப் பற்றிக் கோபமாக எழுதுவது கஷ்டம்.

மானியத்தின் ஆரம்ப வரலாற்றில் இன்றைய கல்விச் சீர்திருத்தக்காரர்கள் படிக்க வேண்டிய ஒரு அத்தியாயம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில் ‘ரிசல்ட் கிராண்ட்’ என்று ஒன்று இருந்தது. இன்ஸ்பெக்டர் வந்து தேர்வு வைப்பார். தேறிய பிள்ளைக்கு, தேறிய பாடத்துக்கு, இவ்வளவு என்று பணம். பள்ளியின் வருமானம் பிள்ளையின் நாக்கில் இருந்தது. வாத்தியார் என்ன செய்வார்? இன்ஸ்பெக்டர் கேட்கப்போவதை மட்டும் உருப்போட வைத்தார். தேறாது என்று தெரிந்த பிள்ளையைப் பின்பெஞ்சில் விட்டார். 1904இல் கர்சன் காலத்துக் கல்வித் தீர்மானம் இந்த முறை வேண்டாம் என்றது. ‘விளைவுக்கேற்ற நிதி’ என்று இன்று யாராவது புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்தால், இங்கே அதற்கு ஒரு சமாதி ஏற்கெனவே இருக்கிறது என்று காட்டலாம்.

தலையை எண்ணினால் தலை வருகிறது. மார்க்கை எண்ணினால் மார்க் வருகிறது. படிப்பு இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நழுவிவிடுகிறது.

பொதுப்பணம் வாங்கிய பள்ளியை ஊரே கணக்குக் கேட்ட சம்பவமும் பொருநைக் கரையில்தான் நடந்தது. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்துக்குத் தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு முதலில் ஐயாயிரம் கொடுத்தது. பலரிடமிருந்தும் நன்கொடை போயிற்று. அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி என்ற செய்தி வந்ததும் 1924, 1925இல் வெடித்த சண்டை நாமறிந்தது. வரதராஜுலு நாயுடு எழுதினார், பேசினார். ஈ.வெ.ராமசாமி மீதிப் பணத்தைத் தர மறுத்தார். ஐயர் 1925 ஜூனில் பாபநாசம் கல்யாணி தீர்த்தத்தில் தவறி விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் உயிரிழந்தார். குருகுலம் எழவில்லை. சாதி அரசியலின் திருப்புமுனையாக இதை எழுதுவார்கள். பள்ளிநிதி பார்வையில் பார்த்தால் இதில் இன்னொன்றும் தெரியும். ஐயரிடம் யாரும் தேர்வு முடிவைக் கேட்கவில்லை, வருகைப் பதிவேட்டைக் கேட்கவில்லை. பணம் எல்லாருடையது என்றால் பந்தி எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டாமா என்பதே கேள்வி. அந்தக் கேள்வி பிறகு அரசியலமைப்புச் சட்டத்தின் 29ஆம் உறுப்பில் ஏறி உட்கார்ந்தது: அரசு உதவி பெறும் நிறுவனம் மதம், இனம், சாதி, மொழி காரணமாக யாருக்கும் இடம் மறுக்கக் கூடாது. 28ஆம் உறுப்பு, பிள்ளையின் அல்லது பெற்றோரின் சம்மதமில்லாமல் மதபோதனையில் உட்கார வைக்கக் கூடாது என்றது. ஓக்லஹோமாவில் ஒரு கத்தோலிக்க சார்ட்டர் பள்ளிக்கு அரசுப் பணம் போகலாமா என்ற வழக்கில் 2025 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நாலுக்கு நாலு என்று பிரிந்து நின்றது. சுரண்டையில் ஜெபத்தோடு தொடங்கும் பள்ளியில் விபூதி பூசிய பிள்ளையும் தொப்பி போட்ட பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்துவிட்டுப் போவதை அந்த நீதிபதிகள் ஒருமுறை வந்து பார்த்திருக்கலாம்.

சேர்க்கை என்ற வாசலுக்கு இப்படிப் பதில் கிடைத்தது. சம்பளம் என்ற வாசலுக்குப் பதில் கிடைக்க இன்னும் நாளாயிற்று. முழுச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டுப் பாதியை வாங்கிக்கொண்டு போன வாத்தியார்களின் கதை தெற்கே எந்த ஊரிலும் கிடைக்கும். மானியம் நிர்வாகத்தின் கை வழியாகப் போனதால் வந்த வினை. ஆசிரியர் சங்கங்கள் போராடின. சம்பளம் நேரடியாக ஆசிரியருக்கே போகத் தொடங்கியது. 1973ஆம் ஆண்டுத் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் 1974இல் நடைமுறைக்கு வந்து, நினைத்த நேரத்தில் வாத்தியாரை வெளியே தள்ளும் அதிகாரத்துக்குக் கடிவாளம் போட்டது. அதன் இடத்தில் இன்று இருப்பது 2018இல் இயற்றிய சட்டமும் 2023இன் விதிகளும்.

ஆனால் ஓட்டை அடைபடவில்லை, இடம் மாறியது. மாதாமாதம் பிடிக்க முடியாத பணத்தை வேலைக்குச் சேரும்போதே மொத்தமாகப் பிடிக்கலாம். ‘பில்டிங் ஃபண்ட்’, ‘டொனேஷன்’ என்று அதற்குப் பல பெயர். எல்லா நிர்வாகமும் வாங்குகிறது என்று சொல்வது அநியாயம். வாங்காத தாளாளர்களை நானே அறிவேன். எந்த நிர்வாகமும் வாங்கவில்லை என்று சொன்னால் தென்காசி பஸ் ஸ்டாண்டில் சிரிப்பார்கள். ஓய்வு பெறும்வரை அரசு சம்பளமும் சலுகைகளும் தரப்போகும் ஒரு பணியிடத்தை யாருக்குக் கொடுப்பது என்று ஒரு தனிமனிதரோ குழுவோ முடிவு செய்கிறது. பொதுப்பணம் பள்ளிக்குள் நுழையும் உண்மையான வாசல் அதுதான். அந்த வாசலில்தான் கணக்குக் கேட்பவர் மிகக் குறைவு. கல்வி அலுவலகம் பார்ப்பது சான்றிதழ் சரியா, தகுதித் தேர்வு தேறியிருக்கிறாரா, இனச்சுழற்சி பொருந்துகிறதா, பணியிடம் அனுமதிக்கப்பட்டதா என்பவற்றை. இருபது பேர் விண்ணப்பித்ததில் இவர் ஏன் என்பது அந்தக் கோப்பில் ஏறாது.

இதில் செங்கோட்டைக்கு ஒரு வேடிக்கையான சாட்சியம் உண்டு. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம். மறு ஆண்டு மலைக்கு அந்தப்புறம் கேரளத்தில் ஈ.எம்.எஸ். அரசில் ஜோசப் முண்டசேரி கல்வி மசோதா கொண்டுவந்தார். சம்பளத்தை அரசே நேரடியாகத் தரும். தேர்வாணையம் தயாரிக்கும் பட்டியலிலிருந்துதான் நிர்வாகம் ஆசிரியரை எடுக்க வேண்டும் என்றது மசோதாவின் 11ஆம் பிரிவு. 1958இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லும் என்றே கருத்துச் சொன்னது. ஆனால் தெருவில் நடந்தது வேறு. சர்ச்சுகளும் நாயர் அமைப்பும் சேர்ந்து நடத்திய விமோசன சமரத்தின் முடிவில், 1959 ஜூலை 31இல் அரசே கலைக்கப்பட்டது. அடுத்து வந்த அரசு 1960இல் அந்தப் பிரிவை எடுத்துவிட்டது. இன்றும் கேரளத்தில் எய்டட் ஆசிரியரை நியமிப்பது மேனேஜர், சம்பளம் தருவது அரசு. ஒரு மாநில ஆட்சியையே விலையாகக் கேட்ட வாசல் அது. ஆரியங்காவு கணவாயைத் தாண்டினால் பேச்சு மாறும், சட்டம் மாறும். ‘யார் நியமிப்பது’ என்ற முடிச்சு மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றே.

முடிச்சு அவிழாதது என்றும் சொல்ல முடியாது. மேற்கு வங்கத்தில் உதவி பெறும் மதரசாக்களுக்கு ஆசிரியர்களை ஒரு தேர்வாணையமே தேர்ந்தெடுக்கலாம் என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. சிறுபான்மை உரிமை என்பது தரத்துக்குத் தடை போடும் கேடயம் ஆகாது என்பதே அந்தத் தீர்ப்பின் போக்கு. இதற்கு எதிர்வாதம் வெறும் சுயநலம் என்று நான் நினைக்கவில்லை. தன் பள்ளிக்கு ஒரு தனிக்குணம் உண்டு, அதைக் காக்கும் வாத்தியார் வேண்டும் என்று ஒரு நிர்வாகம் சொன்னால் அது நியாயமே. பொதுத்தேர்வில் தேறியவர்களின் பட்டியலிலிருந்து நிர்வாகம் நேர்காணல் வைத்து எடுத்துக்கொள்ளட்டும். எடுக்காதவரை ஏன் எடுக்கவில்லை என்று எழுதி வைக்கட்டும். தனிக்குணமும் காப்பாற்றப்படும், கவரும் குறையும்.

அமெரிக்கச் சார்ட்டர் பள்ளி முறை இந்த இடத்தில் வேறு வழியில் போனது. அங்கே ஆசிரியர் பணியிடத்துக்குப் பணம் போவதில்லை; பிள்ளையின் பின்னால் பணம் போகிறது. பள்ளி கட்டணம் வாங்கக் கூடாது. ஒரு பொது அமைப்போடு குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒப்பந்தம். சொன்னதைச் செய்யாவிட்டால் ஒப்பந்தம் முடியும், பள்ளி மூடப்படும். யோசனையை 1988இல் பிரபலப்படுத்தியவர் ஆசிரியர் சங்கத் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர். அது போன போக்கைப் பார்த்துப் பிறகு அவரே எதிர்த்தார். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் கிரெடோ மையம் 2009இல் ஆராய்ந்தபோது, கணக்கில் 17 சதவீதச் சார்ட்டர் பள்ளிகள் பக்கத்துப் பொதுப்பள்ளிகளைவிட மேல், 37 சதவீதம் கீழ், மற்றவற்றில் வித்தியாசமில்லை என்று வந்தது. அதே மையத்தின் 2023 அறிக்கை சார்ட்டர் பக்கம் சற்றுச் சாய்ந்தது. ஓஹாயோவில் ‘இகாட்’ என்ற இணையவழிப் பள்ளி, படிக்காத பிள்ளைகளைப் படித்ததாகக் காட்டி வாங்கிய பணத்தைத் திருப்பித் தரச் சொன்னதும் 2018 ஜனவரியில், கல்வியாண்டின் நடுவில், இழுத்து மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வேறு பள்ளி தேடினார்கள். தலைக்கணக்கு அங்கேயும் தலைக்கணக்குதான். கம்ப்யூட்டரில் எண்ணினார்கள், அவ்வளவே.

மூடிவிடுவேன் என்ற மிரட்டல் நம் ஊரில் செல்லுமா? வாசுதேவநல்லூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இருக்கும் ஒரே தொடக்கப்பள்ளி மிஷன் பள்ளியாக இருந்தால், அதை மூடுவது தண்டனை. ஆனால் தண்டனை பிள்ளைக்கு. நகரத்தில் நிலைமை நேர்மாறு. பஜாருக்குப் பக்கத்தில் நிற்கும் பழைய பள்ளியின் இடம் பள்ளியைவிட மதிப்பாகிவிட்டது. பிள்ளைகள் குறையக் குறைய ‘வணிக வளாகம்’ என்ற சொல் காற்றில் மிதக்கும். உதவி பெறும் நிறுவனங்களின் சொத்தை அரசின் அனுமதியில்லாமல் கைமாற்றக் கூடாது என்று 1948இலேயே சட்டம் போட்டுவைத்தவர்கள் தீர்க்கதரிசிகள்.

மூடாமலேயே பள்ளி உருமாறும் வழியும் உண்டு. 1991-92க்குப் பிறகு தொடங்கிய பள்ளிக்கும் வகுப்புக்கும் மானியம் இல்லை என்று அரசு கதவைச் சாத்தியது. எனவே ஒரே வளாகத்தில், மானியம் பெறும் தமிழ்வழிப் பிரிவும் கட்டணம் வாங்கும் சுயநிதி ஆங்கிலவழிப் பிரிவும் ஒட்டி வளர்ந்தன. மைதானம் ஒன்று, ஆய்வகம் ஒன்று, கேட்டில் பெயர் ஒன்று. அரசுச் சம்பள வாத்தியார் எந்தப் பிரிவில் எத்தனை பீரியட் எடுக்கிறார்? அரசு மானியத்தில் வந்த நுண்ணோக்கி யாருடையது? கணக்கில் இரண்டு பள்ளி, கண்ணுக்கு ஒரு பள்ளி. 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் கருகிய கட்டடத்திலும் உதவி பெறும் தொடக்கப்பள்ளி, ஆங்கிலவழி நர்சரி, உயர்நிலைப்பள்ளி என்று மூன்றும் ஒன்றாக இருந்தன. அங்கீகாரம் தந்த அதிகாரிகள் கீற்றுக்கூரையைப் பார்த்தார்களா, பதிவேட்டை மட்டும் பார்த்தார்களா என்ற கேள்வி அப்போது நாடெங்கும் எழுந்தது.

நிர்வாகங்களிடம் மட்டும் கணக்குக் கேட்டால் பாதிக் கேள்விதான். அரசிடமும் கேட்க வேண்டும். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் போயிற்று. உதவி பெறும் பள்ளிகளில் ஊரகத்தவைக்கு அது 2024 ஜூலை 15இல்தான் வந்தது. நகரத்தவைக்கு 2025 ஆகஸ்டில். இடைப்பட்ட காலத்தில் ஒரே தெருவில் அக்கா வீட்டுப் பிள்ளை ரவை உப்புமா சாப்பிட்டது, தங்கை வீட்டுப் பிள்ளை பசியோடு ஜெபம் சொன்னது. 2020இல் வந்த மருத்துவச் சேர்க்கைக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுமே. அதே பாடநூல், அதே சம்பளம் வாங்கும் ஆசிரியர், அதே கூலிக்காரத் தகப்பன். ஆனாலும் எய்டட் பிள்ளை வெளியே. 2022இல் சென்னை உயர் நீதிமன்றமும் ஒதுக்கீடு செல்லும் என்றது. கட்டுப்படுத்தும்போது ‘எங்கள் பள்ளி’, சலுகை கொடுக்கும்போது ‘தனியார் பள்ளி’ என்று அரசு இரண்டு நாக்கால் பேசுகிறது. பீடிக் கட்டுக்குக் கூலி வாங்கும் ஒரு தாய், பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று முடிவு செய்யும்போது நிர்வாகத்தின் வகையையா பார்க்கிறாள்? நடந்து போகிற தூரத்தைப் பார்க்கிறாள்.

இதற்குள் பொதுப்பணத்துக்கு மூன்றாவது பாதை ஒன்றும் திறந்தது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, உதவி பெறாத தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் நலிந்த பிரிவினருக்கு. செலவை அரசு திருப்பித் தரும். மெட்ரிக் பள்ளி வேனில் ஏழைப் பிள்ளையும் ஏறியது நல்ல காட்சி. ஆனால் 2025-26இல் மத்திய அரசு சமக்ர சிக்‌ஷா நிதியை நிறுத்திவைத்த சண்டையில் இந்தச் சேர்க்கை உரிய காலத்தில் நடக்கவில்லை; பள்ளி திறந்து மாதங்கள் கழித்து அக்டோபரில்தான் தொடங்கியது. அதற்குள் கடன் வாங்கிக் கட்டணம் கட்டிய பெற்றோர் கட்டிவிட்டார்கள். டெல்லி, சென்னை, பள்ளி, பெற்றோர் என்ற நாலு பேருக்கு நடுவில் பொறுப்பு யாருடையது என்று கேட்டால், ஒவ்வொரு விரலும் அடுத்தவரைக் காட்டும். எய்டட் பள்ளியில் இந்தச் சங்கடம் இல்லை. பிள்ளை ஜூனில் வரும், உட்காரும், கட்டணம் இல்லை.

ஆகவே என் சாய்வை மறைக்க விரும்பவில்லை. புதிதாக ஒப்பந்தப் பள்ளி, வவுச்சர் என்று தேடிப்போவதைவிட, கையிலிருக்கும் எய்டட் முறையின் நியமன வாசலைச் செப்பனிடுவதே இந்த மாவட்டத்துக்கு லாபம். சட்டக் கருவிகள் பாதி ஏற்கெனவே உண்டு. பெருமளவு அரசு நிதி பெறும் நிறுவனங்கள் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 2019 செப்டம்பரில் சொல்லிவிட்டது. குறை இருப்பது பெற்றோர் பக்கத்தில். கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம், உதவி பெறும் பள்ளிகளின் மேலாண்மைக் குழு ஆலோசனை மட்டும் சொல்லலாம் என்று நிறுத்திவிட்டது. அரசுப் பள்ளியில் திட்டம் போட்டு நிதியைக் கண்காணிக்கும் அதே தாய், தெருவைத் தாண்டி எய்டட் பள்ளிக்குள் வந்தால் வெறும் பார்வையாளர். அந்த ஒரு வரியை நீக்கப் பெரிய புரட்சி தேவையில்லை.

இப்படி ஒரு பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்கு, உறவினர் பிள்ளைக்காக நானும் போயிருந்தேன். கழிப்பறைத் தண்ணீர், எட்டாம் வகுப்புக்குக் கணக்கு வாத்தியார் இல்லாதது, வேன் தாமதம். ஒரு அப்பா எழுந்து, போன வருஷம் வந்த மானியம் எவ்வளவு சார் என்று கேட்டார். மேடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டீ வந்தது.

வெளியே வரும்போது வாசல் சுவரில் ஒரு சலவைக்கல் பதித்திருந்தது. எண்பது வருஷத்துக்கு முந்தைய கல். கட்டட நிதி கொடுத்தவர்களின் பெயரும் தொகையும் வரிசையாக வெட்டியிருந்தன. கடைசி வரியில் ஒரு பலசரக்குக் கடைக்காரர், ரூ. 11. அந்தப் பதினோரு ரூபாய்க்கு இன்றும் கணக்கு இருக்கிறது. கேள்வி கேட்ட அப்பா அதன் முன்னால் நின்று எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். அவர் பிள்ளை, மூன்றாம் வகுப்பு இருக்கும், கீழே வெற்றாக இருந்த சுவரில் சாக்பீஸால் ஏதோ கிறுக்க ஆரம்பித்தது.